கையில் உள்ளதும் கடலில் உள்ளதும்

ஏறத்தாழ 2300 ஆண்டுகளுக்கு முன்னர், சைப்பிரஸ் தீவில் பிறந்த சீனோ என்னும் வணிகரின் கப்பல் ஊதாச் சாயச் சரக்குடன் கடலில் உடைந்தது. பொருளை இழந்து ஏதென்ஸ் நகரை அடைந்த அவர், அங்கே ஒரு புத்தகக் கடையில் சாக்ரடீசைப் பற்றிக் கேள்வியுற்றுத் தத்துவத்தின் பக்கம் திரும்பினார் என்பது பண்டை நூல்கள் தரும் செய்தி. ஓவியம் தீட்டப்பெற்ற ஒரு தாழ்வாரத்தில் அவர் பாடம் சொன்னார். தாழ்வாரத்தைக் கிரேக்கர் 'ஸ்டோவா' என்பர். ஆதலின் அவருடைய கொள்கை 'ஸ்டோயிக் தத்துவம்' எனப் பெயர் பெற்றது.

பின்னர் ரோமாபுரியில் அடிமையாக இருந்து விடுதலை பெற்ற எபிக்டீடஸ் இதனைப் போதித்தார். கி.பி. 161 முதல் 180 வரை ஆண்ட பேரரசர் மார்க்கஸ் அரேலியஸ் போர்ப் பாசறையிலும் இதனை எண்ணிக் குறிப்பெழுதினார். அடிமைக்கும் அரசனுக்கும் ஒருசேரப் பயன்பட்ட இத்தத்துவம், தூத்துக்குடியில் வாழும் நமக்கு என்ன சொல்கிறது?

தத்துவத்தின் சாரம்

உலகில் சில நம் கையில் உள்ளன, சில இல்லை. நம் எண்ணம், முயற்சி, நடத்தை ஆகியவை முதல் வகை. செல்வம், புகழ், பிறர் கருத்து, உடல்நலம் ஆகியவை இரண்டாம் வகை. முதல் வகையில் முழுக் கருத்தையும் செலுத்துக. இரண்டாம் வகைக்காக மன அமைதியை இழவாதே என்பதே இதன் சாரம். இஃது நமக்குப் புதிதன்று. ஆற்று வெள்ளத்தில் செல்லும் தெப்பத்தை உயிருக்கு உவமை கூறி, பெரியோரைக் கண்டு வியத்தலும் சிறியோரை இகழ்தலும் வேண்டா எனக் கணியன் பூங்குன்றனார் புறநானூற்றின் 192ஆம் பாட்டில் உரைத்தார். துன்பத்தில் கலங்காமைக்கென்றே வள்ளுவர் 'இடுக்கண் அழியாமை' என ஓர் அதிகாரம் வகுத்தார்.

முத்துப் பார்கள் கற்பிக்கும் பாடம்

மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களில் 1955 முதல் 1961 வரை முத்துச் சலாபம் நடைபெற்றது. அதன்பின் தூத்துக்குடியில் சலாபம் நடைபெறவில்லை. மூச்சடக்கி மூழ்குவது குளியாளின் கையில் இருந்தது. பாரில் சிப்பி விளைவது அவர் கையில் இல்லை.

ஆயினும் மனித முயற்சி அத்துடன் நின்றுவிடவில்லை. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் தூத்துக்குடிப் பகுதியில் ஆய்வு செய்து, 1973ஆம் ஆண்டு வளர்ப்பு முத்தை உருவாக்கினர். சிப்பியின் உடலில் சிறு கீறலிட்டு, ஓட்டிலிருந்து கடைந்த ஓர் உருண்டை மணியையும், மற்றொரு சிப்பியின் 'மேன்டில்' என்னும் போர்வைத் தசைத் துண்டையும் உள்ளே வைப்பர். அத்தசை வளர்ந்து மணியைச் சூழ்ந்து, அதன்மேல் முத்துப் பூச்சைப் படியச் செய்கிறது. கத்தியின் தூய்மையும் கையின் நிதானமும் ஆய்வாளர் பொறுப்பு. அதன்பின் சிப்பி மணியை ஏற்கலாம், வெளியே தள்ளலாம், மடிந்தும் போகலாம். குறிபார்த்து அம்பெய்வதே வில்லாளியின் கடமை, தைப்பது அவன் வசத்தில் இல்லை என்னும் ஸ்டோயிக் உவமைக்கு இதனினும் நல்ல விளக்கம் வேண்டுமோ?

ஓர் ஐயம்

'அப்படியானால் குறைந்த கூலியையும் அநீதியையும் விதி என்று ஏழை பொறுத்துக்கொள்ள வேண்டுமா?' என்று கேட்கலாம். இது நியாயமான கேள்வி. விடை கூறுமுன் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். ஸ்டோயிக்குகள் போற்றிய நான்கு அறங்கள் விவேகம், நீதி, துணிவு, தன்னடக்கம் என்பன. நீதியைக் கைவிட்ட பொறுமை அவர்கள் கண்ட பொறுமை ஆகாது.

நம் வ.உ.சிதம்பரனாரின் வாழ்வு இதற்குச் சான்று. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். 1908இல் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்திற்குத் துணைநின்றார். தொழிலாளர்க்குக் கூலி உயர்வு கிடைத்தது. அவ்வாண்டே கைதாகி, இரட்டை ஆயுள் தண்டனை பெற்றார். பின்னர் மேல்முறையீட்டில் தண்டனை குறைக்கப்பட்டது. சிறையில் செக்கிழுத்தார். அவர் சிறையிலிருந்த காலத்திலேயே கம்பெனி கலைந்தது. 1912 டிசம்பரில் வெளிவந்தபோது செல்வமும் தொழிலும் போயிருந்தன. ஆனால் சிறைவாசத்தின்போதே ஜேம்ஸ் ஆலனின் நூலை 'மனம்போல வாழ்வு' எனத் தமிழாக்கியிருந்தார். கப்பலைப் பறிக்க முடிந்தவர்களால் அவருடைய மனத்தைப் பறிக்க முடியவில்லை.

புயல் இயற்கையின் செயல். குறைந்த கூலி மனிதர் செய்த ஏற்பாடு. இரண்டையும் 'நம் கையில் இல்லை' என ஒரே மூட்டையில் கட்டுவது தத்துவம் அன்று, சோம்பல். எதிர்த்துப் போராடுவது நம் கையில் உண்டு. வெற்றி கிட்டுமா என்பதே நம் கையில் இல்லை. வ.உ.சி. இவ்விரண்டையும் பிரித்தறிந்தார்.

மாணவர்க்குப் பயன்

நம்மில் பலர் தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள். வீட்டின் நம்பிக்கை முழுவதும் தேர்வு முடிவின்மீது தொங்குகிறது. அவ்வேளையில் அச்சம் எழுவது இயல்பே. வினாத்தாள் நம் கையில் இல்லை. இன்றிரவு படிப்பது உண்டு. வேலை கிடைப்பது நம் கையில் இல்லை. அதற்குத் தகுதி பெறுவது உண்டு. மதிப்பெண் குறைந்தால் அது மதிப்பெண்ணின் குறைவேயன்றி மனிதனின் குறைவு ஆகாது. இதனைத் தேர்வுக்கு முன்னரே நெஞ்சில் பதித்துக்கொண்டால், தோல்வி கண்டு உயிரையே வெறுக்கும் அவலம் நம் தோழர் எவர்க்கும் நேராது.

ரோமானிய அறிஞர் செனகா, நாள்தோறும் இரவில் அன்றைய தம் செயல்களைத் தாமே விசாரணை செய்துகொள்வாராம். அதற்குச் செலவில்லை, ஆசிரியரும் வேண்டியதில்லை. உறங்குமுன் ஐந்து நிமிடம் போதும். இன்று என் கையில் இருந்தவற்றுள் எதனைச் செய்தேன், எதனை விட்டேன் என்று நாமும் கேட்டுப் பார்ப்போம்.