கோடைக்கு முன் தெர்மோஸ்டாட் வால்வு: ஹைதராபாத் வண்டிகளுக்கான பருவகால ஆலோசனை

ஹைதராபாத்தில் மார்ச் மாத நடுவிலிருந்தே பகல் வெயில் கடுக்கத் தொடங்கி, ஏப்ரல், மே மாதங்களில் வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டுவது வழக்கமாகிவிடுகிறது; நகரின் உச்ச அளவாகப் பதிவான 45.5 பாகை 1966 ஜூன் 2 அன்று வந்தது என்பதால், மழை இறங்கும் வரை இந்த வெயில் தணிந்துவிட்டதாகக் கொள்ள முடியாது. இந்தப் பருவம் நெருங்கும்போது பணிமனைகளில் ஒரு பழைய பழக்கம் மீண்டும் தலைதூக்கும். எஞ்சின் சூடேறுகிறது என்று வண்டி வந்து நின்றால், முதல் வேலையாகத் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிப் போட்டுவிட்டு, மேல்மூடியான எல்போவை மட்டும் திரும்பப் பூட்டி அனுப்பிவிடுவார்கள். குளிர்நாட்டு வண்டிகளுக்குத்தான் அது தேவை, வெயில் ஊருக்கு எதற்கு என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். அந்தக் காரணம் பிழையானது. கோடைக்கு முன் செய்ய வேண்டியது, உரிய எண்ணுள்ள வால்வைச் சோதித்து, உரிய திசையில், கசிவின்றிப் பொருத்துவதே ஆகும்.

எரிபொருள் எரிவதால் பிறக்கும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சிலிண்டர்ச் சுவர்கள் வழியே கூலன்ட் எனப்படும் குளிர்நீரில் இறங்குகிறது. பணிமனைகளில் வாட்டர் பாடி என்று அழைக்கப்படும் நீரேற்றி அந்த நீரைப் பிளாக்கிலும் ஹெட்டிலும் உள்ள வழிகளில் சுற்றவிட்டு, ரேடியேட்டருக்கு அனுப்பி ஆற்றித் திரும்பப் பெறுகிறது. ஏரிக்கு மதகு எப்படியோ அப்படி, எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே நின்று, நீரை எப்போது, எவ்வளவு விடுவது என்பதை ஆள் துணையின்றித் தீர்மானிப்பது தெர்மோஸ்டாட் வால்வு. அதன் அடியில் உள்ள சிறு பித்தளைக் குப்பியில் செப்புப் பொடி கலந்த மெழுகு அடைக்கப்பட்டிருக்கிறது. குறிப்பிட்ட வெப்பத்தில் அந்த மெழுகு உருகிப் பருத்து, ரப்பர் உறையை நெருக்கி, நடுவில் உள்ள ஊசித்தண்டைத் தள்ள, சுருள்வில்லின் எதிர்ப்பை மீறி வட்டத் தகடு தன் இருக்கையை விட்டு விலகுகிறது. இந்த மெழுகு அமைப்பை 1930-களில் அமெரிக்காவில் செர்ஜியஸ் வெர்னெட் உருவாக்கினார். அதற்கு முன் இருந்த துருத்தி வகை வால்வு நீரின் அழுத்தத்துக்கு ஏற்பத் தடுமாறக்கூடியது. மெழுகு வகையை அழுத்தம் பெரிதும் பாதிப்பதில்லை என்பதால், அழுத்த மூடி போட்ட இன்றைய ரேடியேட்டர்களுக்கு அதுவே பொருந்தி வந்தது.

வால்வின் விளிம்பிலோ குப்பியின் அடியிலோ 82, 88 போன்ற எண் பொறிக்கப்பட்டிருக்கும். அது வால்வு திறக்கத் தொடங்கும் வெப்பநிலை. முழுதும் திறப்பதற்கு அதற்கு மேல் பத்துப் பதினைந்து பாகை ஆகும். இங்கேதான் பலருக்குக் குழப்பம் நேர்கிறது. கூலன்ட் 90 பாகையில் இருக்க, ஜனவரி விடியலில் வெளிக்காற்று 15 பாகை என்றால் இரண்டுக்கும் இடைவெளி 75 பாகை. மே மாதப் பிற்பகலில் காற்று 42 பாகை என்றால் இடைவெளி 48தான். ரேடியேட்டர் வெளியேற்றும் வெப்பம் இந்த இடைவெளியைப் பொறுத்தே அமைவதால், காற்றோட்டம் மாறாத நிலையிலும் கோடையில் அதன் திறன் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் கீழே இறங்கிவிடுகிறது. அப்படிப்பட்ட பிற்பகலில் நெரிசலில் ஊர்ந்து செல்லும் வண்டியில் சூடு ஏறிக்கொண்டே போனால், நல்ல வால்வு ஏற்கெனவே முழுதும் திறந்துதான் நிற்கும். அதற்கு மேல் ஏறும் சூட்டைத் தடுக்க வேண்டியவை ரேடியேட்டர், பேன், நீரேற்றி, அழுத்த மூடி ஆகியவையே. தெர்மோஸ்டாட் காப்பது வெப்பத்தின் கீழ் எல்லையை மட்டும். 82 எண்ணுக்குப் பதில் 71 அல்லது 76 எண்ணுள்ள வால்வைப் பொருத்தினாலும் மே மாத நெரிசலில் எஞ்சின் குளிர்வதில்லை என்பதற்கும் இதுவே காரணம்.

கழற்றிவிடுவதால் சில எஞ்சின்களில் சூடு குறைவதற்கு மாறாகக் கூடவே செய்யும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது நீர் ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றிவரப் பைபாஸ் எனப்படும் குறுக்குவழி ஒன்று உண்டு. பல வால்வுகளின் அடியில் உள்ள இரண்டாவது தகடு, மேல் தகடு திறக்கத் திறக்க அந்தக் குறுக்குவழியை மூடிக்கொண்டே வரும். வால்வு இல்லாமற்போனால் அந்த வழி நாள் முழுதும் திறந்தே கிடக்க, கொதிக்கும் நீரில் ஒரு பகுதி ரேடியேட்டரைத் தொடாமலேயே எஞ்சினுக்குத் திரும்பிவிடுகிறது. அத்தகைய தகடு இல்லாத எஞ்சின்களில் நேர்வது எதிர்மாறான கேடு: காலையில் சிறு தொலைவு ஓடும் வண்டி உரிய சூட்டை எட்டுவதே இல்லை. எட்டாத எஞ்சினில் எரியாத பெட்ரோல் எண்ணெயில் கலக்கிறது, ஈரம் ஆவியாகாமல் எண்ணெய் குழம்பாகிறது, சிலிண்டர் விரைவில் தேய்கிறது. 2020 ஏப்ரல் 1 முதல் விற்பனைக்கு வந்த பிஎஸ்6 வண்டிகளில், எஞ்சின் இன்னும் குளிர்ந்தே இருப்பதாகக் கருதும் மின்னணுக் கட்டுப்பாட்டகம் எரிபொருளைக் கூட்டிக்கொண்டே போய், இறுதியில் எச்சரிக்கை விளக்கை எரியவிடும். ஸ்கேனரில் பி0128 என்ற குறியீடு வந்தால், கூலன்ட் உரிய வெப்பத்தை எட்டவில்லை என்று பொருள். சென்ற கோடையில் வால்வைக் கழற்றிய வண்டிகள் இவ்வாண்டு வெயில் முற்றும் முன் மீண்டும் அதைப் பெற வேண்டும்.

முதலில் செய்யத்தக்கது, கழற்றாமலேயே செய்யும் ஹோஸ் சோதனை. இரவெல்லாம் நின்று ஆறிய எஞ்சினைக் காலையில் இயக்கி, பேனிலிருந்தும் பெல்ட்டிலிருந்தும் கையை விலக்கி வைத்து, ரேடியேட்டரின் மேல் ஹோஸை அவ்வப்போது தொட்டுப் பார்க்க வேண்டும். வெப்ப முள் நடுப்பகுதியை நெருங்கும் வரை ஹோஸ் குளிர்ந்தே இருந்து, பின் சில நொடிகளில் சட்டென்று சுட்டால் வால்வு சரியாக இருக்கிறது. தொடக்கத்திலிருந்தே மெல்ல மெல்லச் சூடேறினால் வால்வு திறந்தபடி சிக்கியிருக்கிறது அல்லது உள்ளே வால்வே இல்லை. முள் சிவப்பை நோக்கிப் போயும் ஹோஸ் குளிர்ந்தே கிடந்தால் உடனே எஞ்சினை நிறுத்திவிட வேண்டும். வால்வு மூடியபடி சிக்கியிருக்கலாம், அல்லது நீர் குறைந்தோ காற்று அடைத்தோ இருக்கலாம். மின்பேனை இயக்கும் உணரி ரேடியேட்டரிலேயே உள்ள வண்டிகளில் அங்கே சூடான நீர் வராததால் பேனும் சுழலாது. அதைப் பேன் கோளாறு என்று எண்ணிப் பேனை மாற்றுவது வீண்செலவு. வால்வு நீர் நுழையும் பக்கத்தில் பொருத்தப்பட்ட எஞ்சின்களுக்கு இந்தச் சோதனை அப்படியே பொருந்தாது; அவற்றில் கீழ் ஹோஸையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கழற்றிய வால்வையும், புதிதாக வாங்கிய வால்வையும், அடுப்பில் வைத்த நீரில் சோதிக்கலாம். மூடிய தகட்டின் இடுக்கில் ஒரு நூலைச் செருகி, பாத்திரத்தின் அடியைத் தொடாதபடி நீருக்குள் தொங்கவிட்டு, வெப்பமானியை அருகில் வைத்துச் சூடேற்றினால், தகடு திறக்கும் கணத்தில் நூல் விடுபட்டு வால்வு கீழே விழும். அப்போது வெப்பமானி காட்டும் அளவு பொறித்த எண்ணுக்கு ஓரிரு பாகைக்குள் இருக்க வேண்டும். இந்தச் சோதனையில் ஹைதராபாத்துக்கு உரிய ஒரு நுட்பம் உண்டு. நகரம் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 540 மீட்டர் உயரத்தில் இருப்பதால், திறந்த பாத்திரத்தில் நீர் ஏறத்தாழ 98 பாகையிலேயே கொதித்துவிடும். எவ்வளவு தீ வைத்தாலும் அதற்கு மேல் ஏறாது. 82 எண்ணுள்ள வால்வு 95 பாகையளவில் எட்டு மில்லிமீட்டர் அளவுக்குத் திறந்துவிடுவதால் அதை முழுதாகச் சோதிக்க முடியும். 88 எண்ணுள்ளது முழுதும் திறக்க 100 பாகைக்கு மேலும் தேவைப்படலாம் என்பதால், கொதிநீரில் அது அரைகுறையாகத் திறப்பதைக் கண்டு பழுதென்று ஒதுக்கிவிடக் கூடாது. மெழுகைச் சூடேற்றும் மின்கம்பி உள்ளே வைத்த புதிய வகைகளில், மின்சாரம் இல்லாதபோது 100 பாகையைத் தாண்டியே திறப்பவை உண்டு. அவற்றுக்கு அடுப்புச் சோதனை பயன்படாது.

வால்வு வாங்கும்போது பழையதன் எண்ணை மட்டும் பார்க்காமல், விளிம்பின் விட்டம், மொத்த உயரம், அடித்தகடு உண்டா இல்லையா என்பவற்றையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். செகந்திராபாத் ராணிகஞ்சின் உதிரிபாகக் கடைகளில் ஒரே தோற்றமுள்ள பல வால்வுகள் கிடைக்கும். உயரம் சில மில்லிமீட்டர் குறைந்தாலும் அடித்தகடு பைபாஸை எட்டாமல், வால்வு இருந்தும் இல்லாத கதையாகிவிடும்.

பொருத்தும் வேலை சிறியது. ஆனால் அதில் நேரும் பிழை ஹெட் கேஸ்கெட்டையே பலிகொள்ளக்கூடியது. எஞ்சின் முழுதும் ஆறிய பிறகு மட்டுமே ரேடியேட்டர் மூடியைத் திறந்து, வால்வு மட்டத்துக்குக் கீழே இறங்கும் அளவுக்கு நீரை வடித்து, எல்போவைக் கழற்ற வேண்டும். பழைய கேஸ்கெட்டின் துணுக்குகளைச் சுரண்டும்போது அலுமினியப் பரப்பில் கீறல் விழாமலும், துணுக்குகள் நீர்வழிக்குள் விழாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். மெழுகுக் குப்பியும் பெரிய சுருள்வில்லும் எப்போதும் எஞ்சின் பக்கத்தை நோக்கி இருக்க வேண்டும். திருப்பிப் பொருத்தினால் குப்பி எஞ்சினின் சூட்டை உணராமல் ரேடியேட்டர்ப் பக்கத்து ஆறிய நீரையே உணர்ந்து, உள்ளே கொதித்தாலும் திறக்காமல் கிடக்கும். விளிம்பில் சிறு துளையும் அதில் ஆடும் ஓர் ஊசியும் இருந்தால், நீர் நிரப்பும்போது காற்று வெளியேறுவதற்கான வழி அது என்பதால், பொருத்துமிடத்தின் உச்சிக்கு அந்தத் துளை வர வேண்டும். உற்பத்தியாளர் வேறு திசை சொல்லியிருந்தால் அதையே பின்பற்ற வேண்டும்.

விளிம்பு உட்காருவதற்கென்று வெட்டப்பட்ட பள்ளத்தில் வால்வு முழுதாகப் பதிந்திருப்பதை, எல்போவை வைக்கும் முன் விரலால் தடவி உறுதிசெய்துகொள்ள வேண்டும். நழுவிய வால்வின் மேல் எல்போவை வைத்து இறுக்கும்போதுதான் எல்போவின் போல்ட் காதுகள் முறிகின்றன. ரப்பர் வளையத்துக்குக் கிரீஸ் தடவினால் அது ஊறிப் பருத்துவிடும். கூலன்டிலேயே நனைத்துப் பொருத்தினால் போதும். காகிதக் கேஸ்கெட்டோடு அனபாண்ட் போன்ற சிலிக்கோன் பசை சேர்ப்பதாக இருந்தால் மெல்லிய பூச்சே போதுமானது. பிதுங்கி உள்ளே உறைந்த பசை பிற்பாடு பெயர்ந்து ரேடியேட்டரின் நுண்குழாய்களில் போய் அடைக்கும். போல்ட்டுகளை ஒரே பக்கம் முழுதாக இறுக்கிவிடாமல், மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்குவதே முறை. பரவலாக உள்ள எம்6 அளவுப் போல்ட்டுக்குப் பத்து நியூட்டன் மீட்டர் அளவே போதும் என்பதால் நீளமான ஸ்பேனருக்கு அங்கே வேலையில்லை.

அடுத்தது நீர். தக்காணத்தின் பாறை நிலத்தில் எடுக்கும் போர் தண்ணீர் உப்பும் சுண்ணாம்பும் மிகுந்தது. அதை ரேடியேட்டரில் ஊற்றினால் வெள்ளைப் படிவு மெழுகுக் குப்பியை மூடி அது சூட்டை உணர்வதைத் தாமதப்படுத்தும், தண்டையும் சிக்கவைக்கும். குழாய்த் தண்ணீரும் இதற்கு ஏற்றதன்று; பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரோடு, வண்டிக் கையேடு சொல்லும் விகிதத்தில் கிளைக்கால் வகைக் கூலன்டைக் கலக்க வேண்டும். பாதிக்கு மேல் கூலன்ட் ஊற்றுவதால் நன்மையில்லை. கிளைக்கால் கூடக்கூட நீரின் வெப்பம் சுமக்கும் திறன் குறையும். நிரப்பும்போது காற்று நீக்கும் திருகைத் திறந்து, வண்டியில் ஹீட்டர் இருந்தால் அதை முழுச் சூட்டில் வைத்து, மெதுவாக ஊற்றி, மேல் ஹோஸ் சூடேறும் வரை ஐடிலில் ஓடவிட வேண்டும். ஆறிய பிறகு மட்டம் இறங்கியிருப்பது இயல்பே, அதை நிரப்பிவிடலாம். வால்வைச் சுற்றிக் காற்றுக் குமிழி தங்கிவிட்டால் மெழுகு நீரைத் தொடாமல் திறப்பு தாமதமாகும். புதிய வால்வு பழுது என்று திரும்பி வருவதற்கு இது ஒரு பெருங்காரணம்.

இதோடு ரேடியேட்டர் மூடியையும் பார்க்காமல் விடக் கூடாது. 0.9 பார் என்று குறித்த மூடி சரியாக அழுத்தம் தாங்கினால், ஹைதராபாத்தின் உயரத்திலும் வெறும் தண்ணீர்கூட ஏறத்தாழ 118 பாகை வரை கொதிக்காது. மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் அந்த எல்லை 98-க்கு வந்துவிடும். மே மாத நெரிசலில் 105 பாகையைத் தொடும் எஞ்சின் ஒரு வண்டியில் அமைதியாக ஓடுவதும், இன்னொன்றில் பொங்கி வழிவதும் இந்த ஒரு மூடியால் நேரலாம். விலை குறைந்த பொருள் என்பதால் ஐயம் எழுந்தாலே மாற்றிவிடுவது நல்லது.

கோடையில் நகரெங்கும் ஓடும் தண்ணீர் லாரிகள், நின்ற இடத்திலேயே எஞ்சினை ஓடவிட்டு நீரிறைப்பதால் எதிர்க்காற்று இன்றிச் சூடேறுபவை. ஏற்றிச் செல்லும் போர் தண்ணீரையே ரேடியேட்டரிலும் ஊற்றும் பழக்கத்தை அவற்றின் ஓட்டுநர்கள் கைவிட வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்புகளின் பெரிய ஜெனரேட்டர்களில் ஒரே கூட்டுக்குள் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட வால்வுகள் அருகருகே இருப்பதுண்டு. ஒன்று சிக்கினாலும் எல்லாவற்றையும் ஒரே எண்ணில் சேர்த்து மாற்ற வேண்டும், இல்லையேல் சுமை ஒன்றின் மேலேயே விழும். நீர்க்குளிர்ச்சி கொண்ட இருசக்கர வண்டிகளுக்கும் மேற்சொன்ன முறையே பொருந்தும்.

பொருத்திய மறுநாள் காலை, எஞ்சின் ஆறிய நிலையில், நீர்மட்டத்தையும் எல்போவின் விளிம்பையும் பார்க்க வேண்டும். வெள்ளை அல்லது பச்சை நிறப் படிவுக் கோடு தென்பட்டால் கசிவு உண்டு. ஒரு வாரம் ஓடிய பிறகு மீண்டும் ஒருமுறை பார்த்து, வால்வின் எண்ணையும் மாற்றிய தேதியையும் சர்வீஸ் புத்தகத்தில் குறித்து வைத்தால், ஏப்ரலில் வேறு பணிமனைக்கு வண்டி போக நேர்ந்தாலும் உள்ளே எந்த வால்வு இருக்கிறது என்பது அங்கிருப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும்.