மாகஸ்தோட்டை வளைவில் ஓர் எம்ஜி

மலையேற்றப் பந்தயத்தை வரைகிறவருக்கு ஒரு வசதி கிடையாது. மொனாக்கோவை வரைகிறவர் இரண்டு கார்களை உரசும் நெருக்கத்தில் போட்டுவிட்டால் போதும், வேகம் தானாக வந்துவிடும். நுவரெலியா மாகஸ்தோட்டையில் அது நடக்காது. 1934ஆம் ஆண்டு தொடங்கிய அந்தப் பந்தயத்தில் ஒரு நேரத்தில் ஒரு கார்தான் மேலே போகும். அதற்கு எதிரி கடிகாரம் மட்டுமே. கடிகாரத்தை எப்படி வரைவது?

கண்டியில் இருந்துகொண்டு பழைய பந்தயக் கார்களை வரைந்து அச்சுப் பிரதிகளாக விற்கும் எனக்கு இந்தக் கேள்விதான் தொழில். கார் எந்த இடத்தில் ஓடுகிறதோ அந்த இடத்தை முதலில் வரைய வேண்டும் என்பது நான் கண்ட விடை. காரை மட்டும் வெள்ளைத் தாளின் நடுவே வைத்தால் அது விற்பனைப் பிரசுரத்துப் படம். கீழே சரளை, ஓரத்தில் தேயிலை, மேலே பனிமூட்டம் வந்த பிறகுதான் அது பந்தயப் படம்.

கண்டி கடல் மட்டத்தில் இருந்து சுமார் 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கம்பளை, புசல்லாவை, இறம்பொடை என்று ஏறி நுவரெலியாவை அடையும்போது 1,868 மீற்றர். அந்த உயரத்தில் காற்று ஐதாகிவிடுவதால் சாதாரண பெற்றோல் எஞ்சின் தன் வலுவில் ஐந்தில் ஒரு பங்கு வரை இழந்துவிடும். ஏற்கெனவே மூச்சு வாங்கும் வண்டியைத்தான் அங்கே செங்குத்தாக ஏற்றுகிறார்கள். அந்தத் திணறல் படத்தில் தெரிய வேண்டும். வேகமெடுக்கும் வண்டியின் பாரம் பின்சக்கரங்களுக்குப் போய்விடும். மூக்கு சற்றே உயரும், பின்பக்கம் அமுங்கும். பின்சக்கரப் பிடிப்புக்காகவே இங்கிலாந்தின் ஷெல்ஸ்லி வோல்ஷ் மலையேற்றத்தில் ஒவ்வொரு பக்கமும் இரட்டைப் பின்சக்கரம் பூட்டி ஓட்டினார்கள். அதைப் பந்தயத்தோடு பழகாத ஒருவர் வரைந்தால் லொறிச் சக்கரமாக்கிவிடுவார்.

சரிவைக் காட்டுவதுதான் பெரும் பாடு. புகைப்படத்தில் எந்த ஏற்றமும் தட்டையாகிவிடும். அதிலும் படமெடுத்தவர் கமெராவை வீதிக்கு இணையாகச் சாய்த்துப் பிடித்திருந்தால் மலையே காணாமற்போகும். செங்குத்தாக நிற்கும் ஏதாவது ஒன்றைப் படத்துக்குள் கொண்டு வர வேண்டும். தேயிலைக்கு நிழல் தரும் மரம், மைல்கல், கொழுந்துக் கூடையோடு வேலியோரம் நின்று பார்க்கும் தொழிலாளி, எதுவானாலும் சரி. மரம் நேராக நின்றால் வீதி சரிந்தது தெரியும். ஐரோப்பியப் படங்களில் பார்வையாளர்கள் பெரும்பாலும் தொப்பிகளின் திட்டாகத்தான் இருப்பார்கள். நம் மலைநாட்டுப் பந்தயம் தோட்டத்துக்கு நடுவே நடப்பது; அங்கே நிற்கிறவர்களுக்கு முகம் கொடுக்க வேண்டும் என்பது என் பிடிவாதம்.

வண்ணம் தீட்டுமுன் பென்சில் வரைவை வண்டி தெரிந்த ஒருவரிடம் காட்டுவது நல்லது. கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு கராஜில் வயதான பாஸ் ஒருவர், சுவரில் தொங்கிய வெளிநாட்டுப் படமொன்றைக் காட்டிச் சொன்னார்: “தம்பி, இந்தக் கார் ஓடல்ல, நிக்குது.”

“எதை வைச்சுச் சொல்றீங்க பாஸ்?”

“முன் டயரப் பாருங்க. இடப்பக்க வளைவு. பின்பக்கம் வலப்பக்கமா இழுத்துக்கிட்டுப் போகும். அப்ப ஸ்டியரிங்கையும் வலப்பக்கம்தானே ஒடிக்கணும்? இவர் வளைவுப் பக்கமே திருப்பி வைச்சிருக்கார்.”

அந்த ஒரு பார்வையில் எந்த ஓவியப் பள்ளியும் தராத பாடம் இருந்தது. பின்சக்கரத்தால் உந்தப்படும் பழைய கார் வழுக்கும்போது, முன்சக்கரம் வளைவுக்கு எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும். சாரதியின் தோளும் முழங்கையும்கூட அதற்கேற்பத்தான் இருக்க வேண்டும்.

சக்கரத்தை வரைவதற்கே தனியாக ஒரு பருவம் பயிற்சி எடுக்கலாம். சாய்ந்து தெரியும் சக்கரம் நீள்வட்டம். அதன் குறுகிய அச்சு எப்போதும் சக்கரத்தின் இருசோடு ஒரே கோட்டில் வர வேண்டும். இந்த ஒன்று தவறினால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் வண்டி கழன்றது போலத் தெரியும். அடுத்தது ஆரக்கம்பிகள். உருளும் சக்கரத்தில் தரையைத் தொடும் புள்ளி அந்தக் கணம் அசைவதில்லை. உச்சிப் புள்ளி காரின் வேகத்தைப் போல இரு மடங்கில் ஓடுகிறது. வீதியோரம் அசையாமல் நிற்பவர் கண்ணால் வரைவதானால், கீழ்ப்பாதிக் கம்பிகளை ஓரளவு தெளிவாகவும் மேற்பாதியைக் கலங்கலாகவும் விட வேண்டும். எல்லாக் கம்பியையும் எண்ணி எண்ணிப் போட்டால் கார் தரிப்பிடத்தில் நிற்கும்.

முன்னோக்கிச் சாயும் நீள்வட்டச் சக்கரம் என்ற உத்தி ஒரு கமெராவோடு சேர்ந்தது. பிரெஞ்சுக்காரர் ஜாக் ஆன்றி லார்டீக் இளைஞராக இருந்தபோது கிராண்ட் பிரீ பந்தயமொன்றில் எடுத்த படத்தில் சக்கரம் முன்பக்கமும் பார்வையாளர்கள் பின்பக்கமும் சாய்ந்திருப்பார்கள். கமெராத் திரையின் பிளவு மெல்ல நகர்ந்ததும், காரைத் தொடர்ந்து கமெரா திரும்பியதும்தான் காரணம். அதற்கும் முன்பே பிரெஞ்சு ஓவியர் எர்னஸ்ட் மோன்டோ தன் கல்லச்சுப் படங்களில் சக்கரங்களை இழுத்தும், வேகக் கோடுகளைப் போட்டும் வரைந்துவிட்டார். 1909ஆம் ஆண்டே மறைந்த அவருடைய உத்தியை இன்றைய கேலிச்சித்திரம் வரை எல்லாரும் கடன் வாங்குகிறார்கள். நான் அதைக் குறைவாகத்தான் தொடுவேன்; அளவு மீறினால் சிறுவர் கதைப் படமாகிவிடும்.

எனக்குப் பெரிதும் கைகொடுத்தது பாரிஸ் அல்ல, கண்டிக்கு அருகே உள்ள தெகல்தொறுவை விகாரை. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்தக் குகைச் சுவர்களில் வரைந்தவர்கள் ஜாதகக் கதைகளை நீண்ட பட்டைகளாகச் சொன்னார்கள். சிவப்புப் பின்னணி, மெல்லிய கோடு, நிழலே கிடையாது. ஒரே பட்டையில் வெஸ்ஸந்தர இளவரசன் திரும்பத் திரும்ப வருவான்: யானையைத் தானம் கொடுக்கிறான், தேரில் போகிறான், தேரையும் கொடுத்துவிட்டு நடக்கிறான். பார்க்கிறவர் குழம்புவதில்லை. மலையேற்றப் பந்தயத்துக்கு இதைவிடப் பொருத்தமான முறை கிடையாது. ஒரே தாளில் மூன்று வளைவுகள், ஒரே எம்ஜி கார் மூன்று இடங்களில்: கீழே புறப்பாட்டில் அமுங்கி, நடுவில் வழுக்கி, உச்சியில் பனிக்குள் பாதி மறைந்து. எதிரிக் கார் இல்லாத குறையை அந்தக் காரே தீர்த்துவிடுகிறது. என் பிரதிகளில் அதிகம் கேட்டு வாங்கப்படுவது இந்த வகைதான்.

இனித் தகவல் சுத்தம். எம்ஜி டிசி 1945 முதல் 1949 வரை வெளிவந்தது. 1250 சிசி எஞ்சின், 19 அங்குல ஆரக்கம்பிச் சக்கரம், ஒடுங்கிய டயர். அமெரிக்காவில் விற்றதுகூட வலப்பக்க ஸ்டியரிங்தான். இடப்பக்க ஸ்டியரிங் கொண்ட டிசி படம் கிடைத்தால், யாரோ படத்தைக் கண்ணாடி போலத் திருப்பிவிட்டார் என்றோ காரை மாற்றிக் கட்டினார் என்றோ கொள்ளலாம். புகாட்டி 35 என்றால் 1924இல் லியோன் நகரப் பந்தயத்துக்கு வந்தது; அதன் அடையாளம் குதிரை லாட வடிவ ரேடியேட்டரும் எட்டுத் தட்டை ஆரங்கள் கொண்ட வார்ப்பு அலுமினியச் சக்கரமும். அதற்குக் கம்பிச் சக்கரம் போட்டால் விஷயம் தெரிந்தவர் முதலில் அதைத்தான் பார்ப்பார்.

இலங்கைக் காரென்றால் எண் தகடும் பேசும். சிங்கள ஸ்ரீ எழுத்து தகட்டுக்கு வந்தது 1957இல். அதை எதிர்த்து நடந்த போராட்டத்தைத் தமிழர் எவரும் மறக்கவில்லை. 1950ஆம் ஆண்டுப் பந்தயத்தை வரைந்துவிட்டு ஸ்ரீ தகடு மாட்டுவது வெறும் எழுத்துப் பிழையோடு போகாது, வரலாறே புரண்டுவிடும்.

பளபளக்கும் உலோகத்தை வரையப் பழக விலையுயர்ந்த கார் தேவையில்லை. கிரிபத்கும்புறை நெடுஞ்சாலை நூதனசாலையின் பழைய நீராவி உருளைகளும், கடுகண்ணாவை புகையிரத நூதனசாலையின் எஞ்சின்களும் போதும். வளைந்த உலோகத்தில் வானம் எங்கே முடிந்து தரை எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். அந்தக் கோடுதான் பொனட்டின் வடிவத்தைச் சொல்வது.

நிறத்துக்கும் கதை உண்டு. பிரித்தானியப் பச்சை 1903இல் அயர்லாந்தில் நடந்த கோர்டன் பெனட் போட்டியோடு சேர்ந்தது. சியாம் இளவரசர் பீரா தன் இஆர்ஏ காரை வெளிர்நீலமாக்கி மஞ்சள் சக்கரம் பூட்டினார். அதுவே சியாமின் பந்தய நிறமானது. சிற்பியாகவும் இருந்த அந்த ஆசியர், ‘ரோமியுலஸ்’ என்று பெயரிட்ட காரில் 1936இல் மொனாக்கோவின் சிறிய கார்களுக்கான போட்டியை வென்றார். அவர் கார் ஒன்றையாவது வரையாமல் இந்தத் தொழிலில் இருப்பது நியாயமில்லை.

அச்சுக்குப் போகும்போதுதான் பலருக்குக் கை நடுங்கும். ஏ2 அளவு அச்சுக்கு 300 டிபிஐ வேண்டுமானால் கோப்பு 7016க்கு 4961 பிக்சல் இருக்க வேண்டும். சிறிதாக வரைந்துவிட்டுப் பின்னர் இழுத்துப் பெருப்பிக்கக் கூடாது. திரையில் எரியும் சிவப்பு, தாளில் மங்கிப்போகும். அச்சகத்திடம் அந்தத் தாளுக்குரிய ஐசிசி நிறக் கோப்பை வாங்கி, திரையிலேயே சரிபார்த்த பிறகு ஒரு சிறு துண்டை மாதிரிக்கு அடித்து, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். தாள் அமிலமற்ற பருத்தித் தாள், 300 கிராம் அளவில். மை சாயமை வேண்டாம், நிறமி மை. பதிப்பு ஐம்பதென்றால் ஐம்பதுதான். பென்சிலால் 7/50 என்று எழுதிக் கையொப்பம் இட்ட பிறகு, ஐம்பத்தோராவது பிரதி அடிப்பது வாங்கியவரை ஏமாற்றுவது.

கண்டியின் ஈரம் இந்தத் தாள்களுக்குப் பகை. ஐப்பசி, கார்த்திகை மழையில் பிரேமுக்குள் பூஞ்சணம் பிடித்துவிடும். படம் கண்ணாடியில் ஒட்டாதபடி நடுவே மவுண்ட் அட்டை கொடுத்து, வெளிச்சுவரில் தொங்கவிடாதீர்கள் என்று வாங்குகிறவரிடம் சொல்லிவிடுவது என் வழக்கம்.

பிறர் எடுத்த படத்தை அப்படியே பார்த்து வரைந்து விற்கவும் கூடாது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி பதிப்புரிமை, படைத்தவரின் ஆயுளுக்குப் பின்னும் எழுபது ஆண்டுகள் நீடிக்கும். குடும்பத்தாரிடம் அனுமதி கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் இன்னும் பல படங்களை எடுத்துக் காட்டுவார்கள்.

அப்படிப்பட்ட ஆல்பங்கள் கண்டி, ஹற்றன், நுவரெலியா வீடுகளில் இன்னும் இருக்கின்றன. உங்கள் வீட்டில் ஒன்று இருந்தால் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். ஆண்டு, இடம், காரின் எண், ஓட்டியவர் பெயர் தெரிந்தால் படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால் எழுதி வையுங்கள். பால்பொயின்ட் பேனா வேண்டாம். அது முன்பக்கம் அழுந்தித் தெரியும்.