எட்டு பிட்டும் மூன்று மையும்

தலைப்பில் 'பிட்' என்று பார்த்ததும் சிலர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்திருக்கும். நீங்கள் நினைக்கிற பிட் அல்ல இது. பரீட்சை ஹாலில் ஸாக்ஸுக்குள் ஒளித்து வைப்பது வேறு, மைக்ரோபிராஸஸருக்குள் இருப்பது வேறு. இரண்டாவது பிட்டைப் புரிந்துகொள்ளாததால்தான் நம்மில் பலர் முதல் பிட்டைத் தேடுகிறோம் என்பது என் தாழ்மையான கருத்து.

நான் எலெக்ட்ரானிக்ஸ் மூன்றாம் ஆண்டு. வயது பதினெட்டு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டி வந்த முதல் ஆள் நான்தான். அப்பா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். சிவகாசியில் ஓர் ஆஃப்செட் பிரஸ்ஸில் மெஷின் ஓட்டுகிறார். அம்மா தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிறார். நான்காம் செமஸ்டரில் எனக்கு மைக்ரோபிராஸஸர் பேப்பரில் அரியர் விழுந்தது. அந்தப் பாடத்தை எனக்குப் புரிய வைத்தது எது தெரியுமா? வீடியோ கேமும் காமிக்ஸும்தான். மலருக்கு ஒரு பாடக் கட்டுரை வேண்டும் என்று கேட்டபோது, இதையே எழுதலாமே என்று தோன்றியது. வீடியோ கேமா என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கடைசியில் பாடம் இருக்கிறது.

இரும்புக்கை வந்த வழி

முதலில் காமிக்ஸ். சிவகாசிக்காரனுக்குக் காமிக்ஸ் சொந்த ஊர்ச் சரக்கு. முத்து காமிக்ஸ் 1972-ல் தொடங்கியது எங்கள் ஊரில்தான். லயன் காமிக்ஸ் 1984-ல் வந்ததும் இங்கிருந்துதான். முத்து காமிக்ஸின் முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'. நான் அதைப் படித்தது பழைய பேப்பர் கடையில், எடை போட வைத்திருந்த கட்டில் உட்கார்ந்து. அட்டை இல்லை, கடைசி நாலு பக்கமும் இல்லை. முடிவைப் பல வருஷம் நானே கற்பனை செய்து வைத்திருந்தேன்.

மாயாவி பிறந்தது இங்கிலாந்தில். 'வேலியண்ட்' என்ற வாரப் பத்திரிகையில் 1962-ல் வந்த தொடர் அது. படம் வரைந்தவர் ஹெசுஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பெயின் நாட்டு ஓவியர். கதாநாயகனுக்கு லேபில் நடந்த விபத்தில் ஒரு கை போய்விடும். அந்த இடத்தில் இரும்புக்கை பொருத்துவார்கள். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு முழுக்க மறைந்துவிடும், இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும். மின்னியல் படிக்கிற தம்பிகளுக்கு ஓர் எச்சரிக்கை: நம்ம லேபில் 230 வோல்ட்டில் கை வைத்தால் மாயமாக மாட்டோம், மாலைதான் போடுவார்கள்.

ஆனால் அந்தக் கதையில் ஒரு விஷயம் என் மனசில் நின்றது. அவனுக்கு எது குறையோ, அதுதான் அவனுடைய அடையாளம். இதே சங்கதி வீடியோ கேமிலும் இருக்கிறது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

ஐம்பத்தைந்து எதிரிகள்

நம்ம மைக்ரோபிராஸஸர் லேபில் பழைய 8085 கிட் இருக்கிறதல்லவா? அதற்கு ஓர் அண்ணன் உண்டு, இன்டெல் 8080. 8080-க்கு எழுதிய கட்டளைகளை 8085-ம் புரிந்துகொள்ளும். அந்த 8080-ஐ வைத்து ஜப்பானில் டைட்டோ கம்பெனியைச் சேர்ந்த டொமோஹிரோ நிஷிகாடோ 1978-ல் செய்த ஆட்டம்தான் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்'. வரிசைக்கு 11 பேர், 5 வரிசை, ஆக 55 எதிரிகள். பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து கீழே இறங்குவார்கள். நாம் கீழிருந்து சுட வேண்டும்.

55 படங்களையும் ஒரே சமயத்தில் நகர்த்துகிற சக்தி அந்தச் சிப்புக்கு இல்லை. திரை ஒரு வினாடிக்கு 60 தடவை புதுப்பிக்கப்படுகிறது. ஒவ்வொரு தடவையும் ஓர் எதிரியை மட்டும் ஓர் அடி நகர்த்தும். கணக்குப் போடுங்கள். 55 பேரும் ஓர் அடி நகர 55/60, அதாவது சுமார் 0.92 வினாடி ஆகும். பாதிப் பேரைச் சுட்டுவிட்டால் மிச்சமுள்ளவர்களின் முறை சீக்கிரம் வந்துவிடும், வேகம் இரட்டிப்பாகும். ஒரே ஒருவன் மிஞ்சினால் வினாடிக்கு 60 அடி! ஆட்கள் குறையக் குறைய ஆட்டம் சூடு பிடிக்கிறது. நமக்குக் கை வியர்க்கிறது.

இது திட்டம் போட்டுச் செய்ததல்ல, சிப்பின் பலவீனம். நிஷிகாடோ அதைப் பார்த்தார். ஆட்டத்துக்கு இது நன்றாக இருக்கிறதே என்று அப்படியே விட்டுவிட்டார். பின்னால் வந்த எத்தனையோ ஆட்டங்கள், போகப் போகக் கஷ்டமாக வேண்டும் என்ற வழியை இதைப் பார்த்துப் பிடித்துக்கொண்டன.

மீசை முளைத்த காரணம்

மாரியோவைத் தெரியாதவர் யார்? சிகப்புத் தொப்பி, கொழுத்த மீசை. அவன் முதலில் வந்தது நின்டென்டோவின் 'டாங்கி காங்' ஆட்டத்தில், 1981-ல். உருவாக்கியவர் ஷிகேரு மியாமோட்டோ. அந்தக் காலத் திரையில் ஓர் ஆளுக்குக் கிடைத்த இடம் கைவிரலால் எண்ணிவிடக்கூடிய சில புள்ளிகள்தான். அதற்குள் வாய் வரைய முடியாது, அதனால் மூக்குக்குக் கீழே மீசை. முடி பறப்பதைக் காட்ட முடியாது, அதனால் தொப்பி. கை ஆடுவது தெரிய வேண்டும், அதனால் சட்டைக்கும் டவுசருக்கும் வேறு வேறு நிறம். உலகம் முழுக்கத் தெரிந்த முகம், புள்ளி பற்றாக்குறையில் பிறந்தது!

1985-ல் வந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' முழு ஆட்டமும் 40 கிலோபைட்தான். இன்றைக்கு நாம் செல்போனில் எடுக்கிற ஒரு போட்டோ அதைவிடப் பல மடங்கு பெரிசு. இடத்தை மிச்சப்படுத்த அவர்கள் செய்த ஒரு வேலையைக் கேளுங்கள்: மேலே இருக்கிற மேகமும் கீழே இருக்கிற புதரும் ஒரே படம். வெள்ளை அடித்தால் மேகம், பச்சை அடித்தால் புதர். இனிமேல் ஆடும்போது பாருங்கள், சிரிப்பு வரும்.

அதே கம்பெனியின் குன்பெய் யோகோய் என்ற இஞ்சினியர் 1989-ல் 'கேம் பாய்' என்ற கையடக்க ஆட்டப்பெட்டியைக் கொண்டுவந்தார். கலர் கிடையாது. நாலே நாலு சாயல்தான். போட்டிக் கம்பெனிகள் கலர் திரையோடு வந்தன. ஆனால் அவற்றுக்கு ஆறு பேட்டரி வேண்டும், சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். கேம் பாய்க்கு நாலு பேட்டரி போதும், பல மணி நேரம் ஓடும், விலையும் குறைவு. ஜெயித்தது எது என்று சொல்லவா வேண்டும்? நன்றாகத் தெரிந்த பழைய பாகங்களைப் புதிய விதத்தில் பயன்படுத்துவதுதான் யோகோயின் வழி. புராஜெக்ட்டுக்கு விலை உயர்ந்த போர்டு வாங்க முடியவில்லையே என்று ஏங்குகிற நண்பர்கள் இதைக் கவனிக்கவும்.

256-வது கட்டம்

இதுவரை சொன்னது, குறையைத் தெரிந்து வைத்துக்கொண்டு ஜெயித்தவர்கள் கதை. குறையைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும்? அதற்கு 'பாக்-மேன்'. நாம்கோ கம்பெனியில் டோரு இவாடானி உருவாக்கி 1980-ல் வந்தது. மஞ்சள் வட்டம் புள்ளிகளைத் தின்றுகொண்டே ஓடும், நாலு பேய்கள் துரத்தும். திரையின் கீழே பழங்களின் படம் வரிசையாக இருக்கும், எத்தனையாவது கட்டம் என்று காட்டுவதற்கு.

கட்டத்தின் எண்ணை எட்டு பிட்டில் வைத்திருந்தார்கள். எட்டு பிட்டில் 0 முதல் 255 வரைதான் அடங்கும். 256-வது கட்டத்தில், பழம் வரைகிற இடத்தில், 255-டன் 1 கூட்டுகிறார்கள். விடை 256 அல்ல, 00. 'எட்டுக்குக் கீழேதானே, அத்தனை பழம் வரை' என்று புரோகிராம் லூப்புக்குள் போகிறது. இங்கேதான் நம்ம பாடம். 8085 கிட்டில் சி ரிஜிஸ்டரில் 00 போட்டு, 'டிசிஆர் சி', 'ஜேஎன்இஸட்' என்று லூப் எழுதினால் எத்தனை தடவை சுற்றும்? பூஜ்யம் தடவை என்றுதான் நான் பரீட்சையில் எழுதினேன். தப்பு. முதலில் ஒன்று கழிக்கும், 00 போய் எஃப்எஃப் ஆகும். அது பூஜ்யம் இல்லையே, அதனால் திரும்பவும் சுற்றும். மறுபடி 00 வருவதற்குள் 256 தடவை!

பாக்-மேனிலும் அதேதான் நடந்தது. 256 பழம் வரையப் போய், பழப் பட்டியல் தீர்ந்து, சம்பந்தமில்லாத மெமரியை எல்லாம் படமாக வரைந்துவிட்டது. திரையின் வலது பாதி முழுக்க எழுத்தும் எண்ணுமாகக் குப்பை. தின்ன வேண்டிய புள்ளிகள் போதாது, எனவே அந்தக் கட்டத்தை முடிக்கவே முடியாது. ஆட்டம் அங்கேயே நின்றுவிடும். அவ்வளவு தூரம் ஒருத்தன் ஆடுவான் என்று யாரும் நினைக்கவில்லை.

இங்கிலீஷ் புத்தகத்தில் மூன்று தடவை படித்தும் ஏறாத விஷயம், அந்தக் குப்பைத் திரையின் படத்தைப் பார்த்ததும் பத்து நிமிஷத்தில் ஏறியது. ஆனால் அப்போது என் சொந்தத் திரையிலும் பாதி குப்பைதான். அரியர் விழுந்ததை நான் வீட்டில் சொல்லவில்லை.

மூன்று மை சொன்ன பாடம்

ஜூன் மாதம் அப்பா கேட்டார், "ரிசல்ட் வந்துருச்சாய்யா?"

"வந்துருச்சுப்பா. பரவாயில்ல" என்றேன்.

பரவாயில்லை என்றால் எங்கள் வீட்டில் பாஸ் என்று அர்த்தம். "எம்மகன் இஞ்சினியருக்குப் படிக்கான்" என்று அவர் டீக்கடையில் சொல்வதைக் கேட்டுக்கொண்டே இரண்டு மாதம் ஓட்டினேன்.

ஆகஸ்டில் ஒரு ராத்திரி, 'ஹல்க்' பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் 1962-ல் உருவாக்கிய பூத உடம்புக்காரன். பச்சை நிறம் என்றுதான் நமக்குத் தெரியும். ஆனால் முதல் இதழில் அவன் சாம்பல் நிறம். அச்சில் சாம்பல் ஒரே மாதிரி நிற்கவில்லை, பக்கத்துக்குப் பக்கம் மாறியது. அதனால் இரண்டாம் இதழிலிருந்து பச்சையாக்கிவிட்டார்கள். எனக்குக் காரணம் புரியவில்லை. அப்பா கிணற்றடியில் மண்ணெண்ணெய் தொட்டு நகத்தில் இருந்த மையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏம்ப்பா, கலர் மையைக் கலந்து சாம்பல் அடிக்கிறது கஷ்டமா?"

"கஷ்டமாவா? உசுரு போயிரும்யா" என்றார். "மஞ்சள், நீலம், சிவப்பு மூணும் அளவா நின்னாத்தான் சாம்பல். ஒண்ணு லேசாக் கூடுனாலும் போச்சு. காலைல அடிச்ச தாள் செவப்பு அடிக்கும், மத்தியானம் அடிச்சது நீலம் அடிக்கும்."

"பச்சைன்னா?"

"அதுக்கு நீலமும் மஞ்சளும் போதும். கொஞ்சம் கூடக் குறைய இருந்தாலும் பச்சை பச்சையாத்தான் தெரியும். பாக்குறவன் ஒண்ணும் சொல்ல மாட்டான்."

நான் அசந்துபோனேன். டிடிஎல் சிப்பில் 0.8 வோல்ட் வரை 0 என்றும், 2 வோல்ட்டுக்கு மேல் 1 என்றும் எடுத்துக்கொள்வது ஏன்? கொஞ்சம் கூடக் குறைய இருந்தாலும் 0 0-ஆகவும், 1 1-ஆகவும் தெரிய வேண்டும் என்பதற்குத்தான். இதற்குப் பெயர் நாய்ஸ் மார்ஜின். அது இரண்டு மார்க் கேள்வி, அதையும் நான் விட்டிருந்தேன். என் பாடத்தில் அப்பாவுக்குத் தெரிந்தது எதுவும் இருக்காது என்று மூன்று வருஷமாக நினைத்திருந்தேன். அவரோ கையில் மையோடு அதைச் சொல்லிவிட்டார்.

அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. "அப்பா, நாலாவது செமஸ்டர்ல ஒரு பேப்பர் போயிருச்சு" என்றேன்.

கொஞ்ச நேரம் துணியை மட்டும் பிழிந்துகொண்டிருந்தார். "எத்தனை நாளாத் தெரியும்?"

"ரெண்டு மாசம்."

"மெஷின்ல மொதத் தாள்லயே தப்பைப் பாத்து நிறுத்தினா ஒரு தாள்தான் வேஸ்ட். பாத்துட்டுப் பேசாம இருந்தா ரீம் ரீமாப் போயிரும்" என்றார். பிறகு, "திருப்பி எழுத எவ்வளவு கட்டணும்?" என்று கேட்டார். அவ்வளவுதான்.

கடைசியாக

நண்பர்களே, நம்மில் நிறைய பேர் ஏதோ ஒரு குறையோடுதான் இந்தக் கேட்டுக்குள் நுழைந்தோம். ஒருவனுக்கு இங்கிலீஷ், ஒருவனுக்குக் கணக்கு, ஒருவனுக்குப் பஸ் காசு. குறை இருப்பது தப்பில்லை என்று நிஷிகாடோவும் மாரியோவின் மீசையும் சொல்கின்றன. அதைப் பார்த்தும் பாராததுபோல் விடுவதுதான் 256-வது கட்டத்தில் கொண்டுபோய் நிறுத்தும். எது எத்தனை பிட்டுக்குள் அடங்கும் என்று முதலிலேயே தெரிந்துகொள்வோம். தெரியாததை வாத்தியாரிடம் கேட்போம், வீட்டிலும் கேட்போம். அங்கேயும் ஒரு லேப் இருக்கிறது.

அரியரை அக்டோபரில் எழுதிவிட்டேன். இந்தக் கட்டுரையைக் கொடுக்கும்வரை ரிசல்ட் வரவில்லை. ஆனால் லூப் கேள்வி வந்தது, 256 என்று எழுதினேன். நம்பிக்கை இல்லாத தம்பிகள் லேபுக்கு வாருங்கள், சி ரிஜிஸ்டரில் 00 போட்டுச் சேர்ந்து எண்ணிப் பார்ப்போம்.

— மூன்றாம் ஆண்டு மாணவன், எலெக்ட்ரானிக்ஸ் துறை