பார்க்க ஒன்றுமில்லை என்று சொல்லும் முன்

சனிக்கிழமை இரவு இஷாவுக்குப் பிறகு எங்கள் வீட்டில் எல்லோரும் சேர்ந்து ஒரு திரைப்படம் பார்ப்பது வழக்கம். பிலிமத்தலாவையில் கண்டி – கொழும்பு வீதியோரம் வரிசையாக இருக்கும் பித்தளைக் கடைகளை இவ்வழியே பயணித்த அனைவரும் கண்டிருப்பீர்கள். அவற்றில் ஒன்றில்தான் என் வாப்பா வேலை செய்கிறார். கிழமையில் அவர் எங்களோடு ஆறுதலாக உட்காரும் இரவு அது ஒன்றுதான். ஒன்லைன் வகுப்புக்காக வாங்கிய மடிக்கணினியை மேசையில் வைத்து, வாப்பா, உம்மா, உம்மும்மா, தம்பி, நான் என ஐவரும் சுற்றி அமர்வோம்.

ஆனால், கடந்த வருடம் ஒரு கட்டத்தில் பார்ப்பதற்குப் படமே கிடைக்காமல் போயிற்று. திரையில் வரும் படங்களை மேலும் கீழுமாகத் தள்ளிக்கொண்டிருப்பதிலேயே அரைமணி நேரம் கழிந்துவிடும். ஒன்று பார்த்தது, இன்னொன்று வெட்டுக்குத்து, மற்றது குடும்பத்தோடு பார்க்க முடியாதது. இறுதியில் உம்மும்மா உறங்கிவிடுவார்.

ஓர் இரவு தம்பி, நண்பன் கொடுத்த ஒரு திருட்டுத் தளத்தைத் திறந்தான். படம் தொடங்குவதற்கு முன்பாகவே சொல்ல நாக்கூசும் விளம்பரம் ஒன்று திரை முழுவதும் விரிந்தது. நான் மடிக்கணினியை மூடுவதற்குள் எல்லோரும் பார்த்துவிட்டோம். வாப்பா சத்தம் போடவில்லை. எழுந்து நின்று, "இனி இந்த வீட்டில படம் வேணாம் மகள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

படம் இல்லாமல் போனதில் எனக்குப் பெரிய கவலையில்லை. வாப்பாவோடு அமரும் அந்த ஓர் இரவு இல்லாமல் போனதே என் கவலை. உயர்தரத்தில் நான் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் பயில்கிறேன். நான்கு கிழமை தவணை கேட்டேன். "படத்தை நான் முன்கூட்டியே தேடி, பார்த்து, குறிப்பெழுதித் தருகிறேன். நீங்கள் வாசித்துவிட்டுச் சம்மதித்தால் மட்டும் பார்ப்போம்" என்றேன். வாப்பா சற்று யோசித்து, "சரி, நாலு கிழமைக்கு மட்டும்" என்றார். அந்த நான்கு கிழமைகளில் நான் கற்றவற்றையே இங்கு எழுதுகிறேன்.

திரைப்படமே வேண்டாம் என்று தீர்மானித்த குடும்பங்களும் நம்மிடையே உண்டு. அவர்களோடு வாதிட இக்கட்டுரை எழுதப்படவில்லை. பார்க்கும் வீடுகள் நல்லதைப் பார்ப்பது எப்படி என்பதே இதன் நோக்கம்.

படங்கள் ஏன் தீர்ந்துபோகின்றன?

உண்மையில் படங்கள் தீர்வதில்லை. நமக்குக் காட்டப்படுபவை மட்டுமே தீர்கின்றன. நெட்பிளிக்ஸ் 2016 ஜனவரியில் இலங்கை உட்பட 130க்கும் மேற்பட்ட நாடுகளுக்கு ஒரே நாளில் விரிவடைந்தது. இத்தகைய சேவைகள் ஒவ்வொரு படத்தையும் குறிப்பிட்ட நாடுகளுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு என்று உரிமம் பெற்றே காட்டுகின்றன. ஆகவே ஒரு நாட்டில் இருக்கும் படம் இன்னொரு நாட்டில் இருப்பதில்லை; இன்றிருப்பது அடுத்த மாதம் நீங்கிவிடவும் கூடும்.

இரண்டாவது காரணம் நாமே. நாம் முன்பு பார்த்தவற்றைக் கணக்கில் எடுத்தே இச்சேவைகள் அடுத்ததைப் பரிந்துரைக்கின்றன. தம்பி பத்து சண்டைப் படங்களைப் பார்த்தால் பதினோராவதும் சண்டைப் படமாகவே வரும். கடைக்காரர் முன்தட்டில் அடுக்கியதை மட்டும் பார்த்துவிட்டு, கடையில் வேறொன்றும் இல்லை என்று திரும்புவதைப் போன்றது இது. உள்ளே இருப்பதைக் கேட்டு வாங்க வேண்டுமானால், கேட்பதற்கு ஒரு பெயர் நம்மிடம் இருக்க வேண்டும். அந்தப் பெயர்களைத் திரட்ட எனக்கு நான்கு வழிகள் உதவின.

முதலாவது வழி: இயக்குநரைப் பின்தொடர்தல்

நாம் நடிகரின் பெயரால் படத்தைத் தேடிப் பழகிவிட்டோம். இயக்குநரின் பெயரால் தேடினால் ஒரு நல்ல படம் இன்னொன்றைக் கொண்டுவரும். நம் வீடுகள் பலவற்றில் அறியப்பட்ட படம் 1976இல் வெளியான 'த மெசேஜ்'. முஸ்தபா அக்காத் இதனை அரபியிலும் ஆங்கிலத்திலும் வெவ்வேறு நடிகர்களைக் கொண்டு இருமுறை எடுத்தார். நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களின் உருவமோ குரலோ அதில் இடம்பெறவில்லை. அதே இயக்குநர் பின்னர் லிபியாவின் விடுதலைப் போராளி உமர் முக்தாரைப் பற்றி 'லயன் ஒஃப் த டெஸர்ட்' என்ற படத்தை எடுத்தார். ஆங்கில வடிவில் ஹம்ஸா ரழியல்லாஹு அன்ஹு அவர்களாக நடித்த அந்தனி குவின்தான் இதில் உமர் முக்தார். வரலாறு படிக்கும் மாணவிகளுக்கு இது பயன்தரும். ஆனால் போர்க் காட்சிகள் இருப்பதால் சிறுபிள்ளைகளுக்கு உகந்ததல்ல.

இரண்டாவது வழி: நூலிலிருந்து படத்துக்கு

நூலகம் செல்லும் நமக்கு இது இலகுவான வழி. புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யைத் தழுவியே மகேந்திரன் 1979இல் 'உதிரிப்பூக்கள்' படத்தை எடுத்தார். மார்ட்டின் விக்கிரமசிங்கவின் 'கம்பெரலிய' நாவலை லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1963இல் படமாக்கினார். செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' நாவலும் 1978இல் படமாக வந்தது. கதையை முதலில் வாசித்துவிட்டுப் படத்தைப் பார்த்தால், எதை விட்டார்கள், எதைச் சேர்த்தார்கள், ஏன் என்று கேட்கத் தோன்றும். அந்தக் கேள்வியே ஒரு பாடம்.

மூன்றாவது வழி: நாட்டை மாற்றிப் பார்த்தல்

முதற் கிழமைக்கு நான் தெரிவுசெய்தது ஈரானின் மஜீத் மஜீதி 1997இல் எடுத்த 'சில்ரன் ஒஃப் ஹெவன்'. ஒஸ்கார் விருதில் சிறந்த பிறமொழிப் படத்துக்கான பிரிவில் பரிந்துரைக்கப்பட்ட முதல் ஈரானியப் படம் இதுவே. அலி என்ற சிறுவன் தங்கையின் சப்பாத்தைத் தொலைத்துவிடுகிறான். புதிதாக வாங்க வாப்பாவிடம் காசில்லை என்பது இருவருக்கும் தெரியும். ஒரே சோடிச் சப்பாத்தைக் காலையில் தங்கையும் பிற்பகலில் அண்ணனும் மாற்றி மாற்றி அணிந்து பாடசாலை செல்கிறார்கள். மூன்றாம் பரிசாகச் சப்பாத்துக் கிடைக்கும் ஓட்டப் போட்டி ஒன்று வருகிறது. முடிவை நீங்களே பாருங்கள்.

உம்மும்மாவுக்குச் சப்டைட்டில் வாசிக்க முடியாது. ஆங்கில வரிகளை நான் உடனுக்குடன் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். பொது ஆங்கிலப் பாடத்துக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்கு வாய்த்ததில்லை. படம் முடிந்ததும் வாப்பா எதுவும் பேசவில்லை. எழுந்து வாசலுக்குப் போய் தம்பியின் பாடசாலைச் சப்பாத்தைத் திருப்பி அடிப்பாகத்தைப் பார்த்தார். இரண்டாம் கிழமைக்கு அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை.

இரண்டாவது கிழமை என் தெரிவு பிழைத்தது. தவறுதலாகத் தன் பையில் வந்துவிட்ட நண்பனின் அப்பியாசக் கொப்பியைத் திருப்பிக் கொடுக்க ஒரு சிறுவன் பக்கத்து ஊருக்கு ஓடும் கதை, அப்பாஸ் கியாரொஸ்தமியின் 'வெயார் இஸ் த ஃபிரெண்ட்ஸ் ஹவுஸ்' (1987). எனக்கு மிகவும் பிடித்திருந்தது. தம்பி இருபது நிமிடத்தில் உறங்கிவிட்டான். நல்ல படம் என்பது வேறு, இன்றிரவு இந்த வீட்டுக்குப் பொருந்தும் படம் என்பது வேறு என்று அன்று விளங்கிக்கொண்டேன்.

மாணவிகளுக்கு நான் சொல்ல விரும்பும் இன்னொரு படம் 'வஜ்தா' (2012). முழுமையாகச் சவூதி அரேபியாவிலேயே படமாக்கப்பட்ட முதல் முழுநீளக் கதைப்படம் இது. எடுத்தவர் ஹைஃபா அல்மன்சூர் என்ற பெண். வீதியில் ஆண்களோடு நின்று இயக்க முடியாத இடங்களில் வாகனத்துக்குள் அமர்ந்து வோக்கிடோக்கி மூலம் அவர் பணிப்புரை வழங்கினார். பச்சைச் சைக்கிள் ஒன்றுக்காகக் குர்ஆன் ஓதும் போட்டியில் சேரும் பத்து வயதுச் சிறுமியின் கதை. இதில் வரும் சில விடயங்களில் உங்கள் வீட்டில் கருத்து வேறுபாடு எழலாம். எழட்டும், உம்மாவும் மகளும் பேசிக்கொள்ள அது ஒரு வாய்ப்பு.

நான்காவது வழி: நம் நாட்டை மறவாதிருத்தல்

நமக்குச் சிங்களம் பேச வரும். ஆனால் சிங்களப் படம் பார்ப்பதில்லை. முதற் சிங்களப் பேசும்படமான 'கடவுனு பொரொந்துவ' (1947) தென்னிந்தியாவில் படமாக்கப்பட்டு, எஸ். எம். நாயகம் என்ற தமிழரால் தயாரிக்கப்பட்டது என்பதை அறிந்தபோது வியந்தேன். கலையகத்தை விட்டு நம் கிராமத்துக்கே கெமராவைக் கொண்டுவந்த படம் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'ரேகாவ' (1956). அவரது துணைவியார் சுமித்ரா பீரிஸ் 1978இல் எடுத்த 'கெஹெணு லமயி', வறிய வீட்டுப் பாடசாலை மாணவி ஒருத்தியின் கதை. அது புதுப்பிக்கப்பட்டு 2025இல் பிரான்சின் கான் விழாவில் காட்டப்பட்டது.

கண்டியில் பிறந்து பேராதனையில் பயின்ற தர்மசேன பத்திராஜ, 1977இல் யாழ்ப்பாணத்துச் சீதனத்தையும் சாதியையும் பேசும் 'பொன்மணி'யைத் தமிழிலேயே இயக்கினார். பிரசன்ன விதானகேயின் 'இர மதியம' (2003) நம் சமூகத்தோடு நேரடியாகத் தொடர்புடையது. அதன் கதைகளுள் ஒன்று, 1990இல் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது தன் நாயைப் பிரிய முடியாமல் தவிக்கும் சிறுவனைப் பற்றியது. பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகக் கடந்துபோவதை ஒரு பிள்ளையின் முகத்தில் காண்பது வேறு அனுபவம். (வளர்ந்தோருக்கான பகுதிகளும் இதில் இருப்பதால் பெற்றோர் முதலில் பார்ப்பது நல்லது.)

செலவும் சட்டமும்

ஒரு மணிநேரப் படத்துக்குச் செலவாகும் டேட்டா, தரத்தைப் பொறுத்தது. நெட்பிளிக்ஸ் தரும் கணக்கின்படி மிகக் குறைந்த தரத்தில் மணிக்கு 0.3 ஜிபி, உயர்தரத்தில் 3 ஜிபி வரை. ஒன்றரை மணிநேரப் படத்துக்கு முறையே 0.45 ஜிபியும் 4.5 ஜிபியும் ஆகும். அதாவது உயர்தரத்தில் ஒரு படம் பார்க்கும் டேட்டாவில் குறைந்த தரத்தில் பத்துப் படம் பார்க்கலாம். சிறிய திரைக்கு இதுவே போதும். தரத்தைத் தெரிவுசெய்யும் இடம் அமைப்புப் பகுதியில் உண்டு.

காசில்லாததால் திருட்டுத் தளம் என்பது சரியான காரணமாகாது. பிறருடைய உழைப்பு என்பது ஒருபுறம். அத்தளங்களின் வருமானம் எந்த விளம்பரத்திலிருந்து வருகிறது என்பதை நாங்கள் கண்ணால் கண்டோம். நேர்மையான இலவச வழிகள் இருக்கின்றன. அமெரிக்கச் சட்டப்படி வெளியாகி 95 வருடங்கள் கடந்த படங்கள் பொதுவுடைமை. இன்டர்நெட் ஆர்கைவ் தளத்தில் அத்தகைய பழைய படங்கள் ஏராளம். மூன்றாம் கிழமை நாங்கள் பார்த்தது சார்லி சாப்ளினின் 'த கிட்' (1921). பேச்சே இல்லாத படம் ஆகையால் நான் எதையும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. உம்மும்மா கண்ணில் நீர்வரச் சிரித்தார். பிறகு குழந்தையைப் பிரிக்கும் இடத்தில் உண்மையாகவே அழுதார்.

முன்னும் பின்னும்

படம் பார்க்குமுன் நான் செய்பவை மூன்று. வயதுத் தரப்படுத்தலைப் பார்க்கிறேன். ஐஎம்டிபி தளத்தில் பெற்றோருக்கான வழிகாட்டிப் பகுதியை வாசிக்கிறேன். வன்முறை, ஆபாசம், கெட்ட வார்த்தை ஆகியன அதில் தனித்தனியே குறிக்கப்பட்டிருக்கும். ஐயமிருந்தால் உம்மாவோடு சேர்ந்து முன்கூட்டியே பார்த்துவிடுகிறேன்.

பார்த்த பின் கேட்பவையும் மூன்று. இது யாருடைய கதை? யார் சொல்லுகிறார்? யார் பேசாமல் விடப்பட்டார்? 1984இல் வந்த 'இண்டியானா ஜோன்ஸ் அன்ட் த டெம்பிள் ஒஃப் டூம்' படத்தின் பெரும்பகுதி வெளிப்புறக் காட்சிகள் நம் கண்டிப் பிரதேசத்தில் எடுக்கப்பட்டவை. படமோ இதை இந்தியா என்கிறது. அங்குள்ளோர் குரங்கின் மூளையை உண்பதாகவும் காட்டுகிறது. நம் மலைகளைக் கண்டு மகிழ்வதோடு நின்றுவிடாமல், இந்த மூன்று கேள்விகளையும் கேட்டால்தான் இத்தகைய பொய் கண்ணுக்குப் படும்.

நான்காவது கிழமை முடிந்தபோது தவணையைப் பற்றி வாப்பா பேசவில்லை, நானும் நினைவூட்டவில்லை. அடுத்த சனிக்கிழமை கடையிலிருந்து வந்தவர், சட்டைப்பையிலிருந்து பற்றுச்சீட்டுத் துண்டு ஒன்றை எடுத்து என்னிடம் தந்தார். பின்பக்கத்தில் 'சரோஜா' என்று எழுதியிருந்தது. போர்க்காலத்தில் ஒரு தமிழ்ச் சிறுமிக்கும் அவளுடைய தந்தைக்கும் அடைக்கலம் தரும் சிங்களக் குடும்பத்தைப் பற்றிய படமாம். கடையில் கூட வேலை செய்யும் சிங்களவர் சொன்னாராம். "நல்லதா எண்டு பாருங்க மகள்" என்றார்.

அன்புச் சகோதரிகளே, ஒரு கொப்பியை எடுத்து முதற்பக்கத்தில் பத்துப் பெயர்களை எழுதுங்கள். வீட்டில் ஒவ்வொருவரிடமும் ஒரு பெயரையாவது கேட்டு எழுதுங்கள். பெற்றோரே, அந்தப் பட்டியலை வாங்கிப் பாருங்கள். முடிந்தால் உங்கள் கையாலும் ஒரு பெயரைச் சேருங்கள். எங்கள் கொப்பியில் இப்போது முப்பத்தொரு பெயர்கள் உள்ளன. பரீட்சை நெருங்குவதால் கிழமைக்கு ஒன்றுக்கு மேல் இல்லை என்பது உம்மாவின் கட்டளை. ஆகவே இப்போதைக்குத் தீர்ந்துபோகும் என்ற பயமில்லை.