லோடு வண்டியில் ஆள் ஏற்றினால் லைசென்ஸ் போகுமா?

சிவகாசியில் லோடு வண்டி ஓட்டுகிறேன். பட்டாசு ஆலைக்கு வேலையாட்களைக் காசு வாங்காமல் ஏற்றிப் போனபோது போலீசார் லைசென்ஸை வாங்கிக்கொண்டார்கள். புள்ளி குறையுமா, லைசென்ஸே போய்விடுமா? – வாசகர், திருத்தங்கல்

புள்ளி குறைக்கும் முறை தமிழ்நாட்டில் இல்லை. ஆனால் லைசென்ஸைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கலாம். காசு வாங்கவில்லை என்ற வாதம் எடுபடாது. சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவதை, கூலிக்கானாலும் இல்லாவிட்டாலும், மத்திய மோட்டார் வாகன விதி 21 அதற்குக் காரணமாகச் சொல்கிறது. குறைந்தது 3 மாதம் நிறுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு 2015-இல் கூறியது.

கலங்க வேண்டாம். போலீசார் லைசென்ஸைக் கைப்பற்றி அனுப்பலாம், அவ்வளவுதான். முடிவெடுப்பது ஆர்.டி.ஓ. அலுவலகம், அதற்குமுன் உங்கள் தரப்பைக் கேட்டாக வேண்டும் என்கிறது சட்டத்தின் 19-ஆம் பிரிவு. லைசென்ஸ் வாங்கியதற்கான சீட்டைப் பத்திரமாக வையுங்கள். நோட்டீஸ் வந்தால் நேரில் போய், பதிலை எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். உத்தரவு பாதகமானால் கிடைத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

தடைக்காலத்தில் மட்டும் ஸ்டியரிங்கைத் தொடாதீர்கள்: 3 மாதம் வரை சிறை, 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். இனி ஆள் ஏற்றச் சொன்னால் மறுத்துவிடுங்கள். தூக்குவாளியும் கையுமாகப் பின்னால் உட்காரும் அந்தப் பெண்களுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கம்பிகூட இல்லை. பயணிகள் வேன் ஏற்பாடு செய்வது ஆலை நிர்வாகத்தின் வேலை.