ராணுவ லாரிக்குப் புது வேலை

கேள்வி: அமெரிக்காவில் பழைய ராணுவ லாரிகளை ஏலத்தில் எடுத்து வேலை வண்டியாக மாற்றுகிறார்களாமே, எப்படி?

பதில்: பலரும் தேடி எடுப்பது எம்35ஏ2 என்ற பத்துச் சக்கர வண்டியை. பின்புறமுள்ள இரண்டு அச்சுகளில் ஒன்றைக் கழற்றி, சேஸிஸை வெட்டிக் குட்டையாக்கி, இரட்டை டயருக்குப் பதில் அகலமான ஒற்றை டயர் மாட்டுவார்கள். மேலே சிறு கிரேனோ வெல்டிங் சாமான்களோ ஏறும். மின்சாரம் 24 வோல்ட். 12 வோல்ட் பல்பை நேராகக் கொடுத்தால் கருகிவிடும். டீசல் மட்டுமல்ல, விமான எரிபொருளிலும் ஓடும் எஞ்சினைத்தான் எல்லோரும் மெச்சுகிறார்கள். எனக்குக் கவலை பிரேக். எண்ணெய்க்கு ஒரே சுற்றுதான்; எங்காவது ஒரு குழாய் வெடித்தால் எல்லாச் சக்கரத்திலும் பிரேக் போய்விடும். பெயின்டும் கிரேனும் அப்புறம். முதல் செலவு இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டருக்குத்தான்.