நள்ளிரவுப் பால்

உடல் வீங்கிய குழந்தையைக் கொழுத்த குழந்தை என்று எண்ணிவிடாதீர்கள். இன்றைய கானா நாட்டில் பணியாற்றிய டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் அம்மையார், அந்த ஊரார் வழங்கிய குவாஷியோர்கர் என்ற பெயராலேயே இந்த ஊட்டக்குறை நோயை 1935-ல் மருத்துவ உலகுக்கு அறிவித்தார். அடுத்த பிள்ளை வந்ததும் பால்குடி மறந்த பிள்ளைக்கு வரும் நோய் அது.

இப்படிப்பட்ட பிள்ளைக்கு வயிறார ஊட்டத்தான் மனம் துடிக்கும். ஆனால் சோர்ந்த இருதயம் அதைத் தாங்காது! முதல் நாட்களில் 100 மில்லிக்கு 75 கலோரி மட்டுமுள்ள பாலை இரண்டு மூன்று மணிக்கொருமுறை கொடுக்கவேண்டும். இரும்புச்சத்து மருந்து, எடை கூடத் தொடங்கிய பின்பே.

இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகம் இச்சிகிச்சையை இணையவழிப் பாடமாக்கியது. கானா செவிலியரும் அதைக் கற்றார்கள். வார்டில் தனியே விழித்திருப்பவர் அவர்தானே. நள்ளிரவுப் பால் தவறினால் இரத்தத்தில் சர்க்கரை குறைந்து, விடியுமுன் குழந்தை இறந்துபோகலாம்.